ஒன்பதாம் பாகம்

இறால் கொம்பனியில் மேசைகள் இரண்டு. கதவுப் பக்கத்து மேசையில் மாம்புரி ஊர்க் கத்தோலிக்கப் பெண்கள் நின்றார்கள். ஐஸ் அறைப் பக்கத்து மேசையில் அகதி முகாம்களிலிருந்து வந்த முஸ்லிம் பெண்கள். இப்படித்தான் நிற்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஆயுத இயக்கம் மன்னாரிலிருந்து விரட்டிய முஸ்லிம் சனம் வள்ளங்களில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது, மாம்புரிப் பெண்கள் சோறு சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நான்கு வருடம் கழித்து அதே சனம் குறைந்த கூலிக்குச் சம்மதித்துக் கொம்பனி வாசலில் நின்றபோது, சோறு கொடுத்தவர்களே மேசையில் இடம் விட மறுத்தார்கள். முதலாளி சண்டைக்குப் போகாமல் இரண்டாவது மேசை ஒன்றை வாங்கிப் போட்டார்.

யூஜீனியா கதவுப் பக்கத்து மேசையின் நடுவில் நிற்பாள். வயது முப்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் இன்னாசிப்பிள்ளையின் வீட்டில் இருந்தாள். இறாலின் தலையைக் கிள்ளித் தோலை உரிப்பதில் அவளைவிடக் கைவேகமான பெண்கள் மூன்று நான்கு பேர் இருந்தார்கள். ஆனாலும் நடு இடம் அவளுக்குத்தான். அவளிடம் கதை இருந்தது.

அந்தக் கதைக்கு 'நிழல் விற்ற நாடு' என்று பெயர். ஒன்பது பாகம். ஒவ்வொரு பாகமும் ஒரு செங்கல் கனம். ஒரு ராசா போரில் வெல்வதற்காகத் தன் குடிசனத்தின் நிழல்களையெல்லாம் உப்பரசி என்பவளுக்கு விற்றுவிடுகிறான். நிழல் போனவர்களுக்குச் சாவும் வராது, கனவும் வராது. ஊரைவிட்டு ஊர் அலைகிறார்கள். ஒரே ஒரு பெண்ணிடம் மட்டும் நிழல் மிஞ்சுகிறது. அவள் மின்னாள், சந்தையில் களவெடுத்துப் பிழைக்கிறவள். அவளைப் பிடிக்க உப்பரசி கோடன் என்ற நொண்டித் தளபதியை அனுப்புகிறாள். பிடிக்க வந்தவன் ஒன்பது வாசல் தாண்டி அவளுக்குத் துணையாக நடக்கிறான்.

யூஜீனியா இதை மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சண்டை வரும் இடங்களில் பெண்களின் கைகள் தாமாக வேகம் பிடித்தன. அதைக் கவனித்த சிங்களச் சுப்பவைசர் மாத்தயா, கதை விளங்காவிட்டாலும், அவளைத் தடுக்கவில்லை.

"கோடன் வலது காலை இழுத்து இழுத்து நடந்து பாலத்துக்கு வாறான்" என்று அன்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "பாலத்தில மின்னாள் நிக்கிறாள்..."

"வலது கால் இல்ல" என்றது ஐஸ் அறைப் பக்கத்துக் குரல் ஒன்று. "இடது கால்."

முந்தாநாள் வேலைக்குச் சேர்ந்த பெண். யூஜீனியாவின் வயதுதான் இருக்கும். தலையை மூடிய துணியைப் பின்னால் முடிந்திருந்தாள். நிமிர்ந்தும் பார்க்காமல் இறாலைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்.

"உங்கள ஆர் கேட்டது?" என்றாள் யூஜீனியா.

"ஒருத்தரும் கேக்கல்ல. பிழையாச் சொன்னா காது கூசுது."

யூஜீனியாவின் பக்கத்தில் நின்ற ஜூலியானா கத்தியை மேசையில் வைத்தாள். கொம்பனியில் எல்லாரையும்விட மூத்தவள், வாய்க்காரி. "எங்கட கூலியக் குறைச்சது காணாதெண்டு இப்ப கதையையும் குறைக்க வந்திருக்கிறாளவை" என்றாள். கதவுப் பக்கத்து மேசை சிரித்தது. அந்தப் பெண் அடுத்த இறாலை எடுத்தாள்.

பின்னேரம் சுப்பவைசர் பெயர் கூப்பிட்டார். சித்தி லெய்லா என்று கூப்பிட்டபோது அந்தப் பெண் கையை உயர்த்தினாள். யூஜீனியா கூடையை வைத்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பெயரை யூஜீனியா ஒன்பது தடவை பார்த்திருக்கிறாள். 'எம். ஐ. சித்தி லெய்லா, எருக்கலம்பிட்டி' என்று பச்சை மையில், சாய்ந்த எழுத்தில், ஒவ்வொரு பாகத்தின் முதல் பக்கத்திலும் எழுதியிருந்தது.

போன வருடம் இன்னாசிப்பிள்ளை மன்னாரில் மீன்பிடித் தொழில் செய்துவிட்டுத் திரும்பி வரும்போது, கருவாடு சுற்றுவதற்கென்று அங்கே கடைத்தெருவில் ஒரு சாக்குப் பழைய கடதாசி வாங்கி வந்தார். சாக்கைக் கொட்டியபோது பள்ளிக்கூடக் கொப்பிகளுக்கு நடுவில் அந்தப் புத்தகங்கள் கிடந்தன. யூஜீனியா அவற்றைக் கருவாட்டுக்கு விடவில்லை. எருக்கலம்பிட்டிச் சனம் இரண்டு நாள் தவணையில் வீடு வாசலை விட்டுப் போனது அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான், பழைய கலண்டர் தாளை வெட்டி, கோதுமை மாப் பசை காய்ச்சி, ஒன்பது பெயர்களுக்கும் மேல் ஒட்டினாள். ஒட்டிய பிறகுதான் முதல் பாகத்தைத் திறந்தாள்.

அதற்கு முன் அவள் வாசித்ததெல்லாம் செபப் புத்தகமும் கடையில் பாண் ரொட்டி சுற்றி வந்த பத்திரிகையும்தான். முதல் பாகத்தின் முப்பதாம் பக்கத்தில் மின்னாள் சந்தைக் கூரைகளில் ஓட, அவளுடைய நிழல் அவளுக்கு முன்னே ஓடியது. யூஜீனியா அன்று உலையில் வைத்த அரிசியைக் கருக விட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் பிரசங்கம் நடந்தபோது அவள் உப்பு மாளிகையின் படிகளில் ஏறிக்கொண்டிருந்தாள். ஞாயிறு மத்தியானங்களில் வேலியோரம் தென்னை நிழலில் உட்கார்ந்து அவள் வாசிப்பதை அண்ணி அல்பொன்சா கதவோரம் நின்று பார்ப்பாள்.

"வாசிக்கிறதக்கூட மன்னிச்சிருவன்" என்று அல்பொன்சா புருசனிடம் சொன்னாள். "தனிய இருந்து சிரிக்கிறா. ஒரு நாள் அழுதா. ரோட்டால போற சனம் என்ன நினைக்கும்? நாங்க அவளுக்கு என்னமோ செய்றம் எண்டு நினைக்காதா?"

யூஜீனியா காதில் போட்டுக்கொள்ளவில்லை. புத்தகத்தில் அவளுக்கு ஒரு கூட்டும் இருந்தது. முன்பு வாசித்தவள் சில வரிகளுக்குக் கீழே பென்சிலால் கோடு இழுத்திருந்தாள். 'இந்த வரிக்கு ஏன் கோடு?' என்று சில இடங்களில் யூஜீனியாவுக்குக் கோபம் வரும். சில இடங்களில் அவள் தானே நின்று இரண்டு தரம் வாசித்த வரிக்குக் கீழே கோடு ஏற்கெனவே இருக்கும். அப்போது ஒரு மாதிரியாக இருக்கும்.

இப்போது அந்தப் பென்சில்காரி ஐஸ் அறைப் பக்கத்து மேசையில் நின்றாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், கை கழுவும் பைப்படியில் லெய்லா பக்கத்தில் வந்தாள்.

"அந்தப் புத்தகம் எங்க எடுத்தீங்க?"

"லைப்ரரில."

"எந்த லைப்ரரி?"

"புத்தளத்தில."

"அங்க நான் கேட்டுப் பாத்த. இல்லையாம்." லெய்லா பைப்பை மூடினாள். "நாலாம் பாகம், நூத்திப் பன்னிரண்டாம் பக்கத்தில தேத்தண்ணிக் கறை ஈக்குதா?"

"இல்ல."

"கொஞ்சமும் யோசிக்காமச் சொல்றீங்க. லைப்ரரிப் புத்தகத்தில எந்தப் பக்கத்தில கறை இல்லையெண்டு ஆருக்கு ஞாபகம் இருக்கும்?"

யூஜீனியா திரும்பி நடந்தாள். அந்தக் கறை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு கோழிக்குஞ்சின் வடிவம்.

நாலைந்து நாள் லெய்லா வாய் திறக்கவில்லை. ஆனால் யூஜீனியா கதை சொல்லத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அவள் கையிலிருந்ததை நிறுத்திவிட்டு நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் யூஜீனியா பெயர்களை மறந்தாள், வாசல்களை மாற்றிச் சொன்னாள். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை லெய்லா எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"என்ட புத்தகத்தத் தாங்க."

இரண்டு மேசைகளிலும் கைகள் நின்றன.

"என்ன புத்தகம்?" என்றாள் ஜூலியானா.

"இவ சொல்ற கதை. அது என்ட. ஒன்பது பாகமும். மூணு வருசமாக் காசு சேத்து, இந்தியாவில இருந்து கொண்டு வர வச்சு வாங்கினது. முதல் பக்கத்தில என்ட பேர் இருக்கும்."

"ஓடி வரக்குள்ள நகை நட்டக் கொண்டு வந்த ஆக்கள் இருக்கினம். நீ விட்டிட்டு வந்ததுக்கெல்லாம் நாங்களா பொறுப்பு?" என்றாள் ஜூலியானா. "ஊரில கிடக்கிற புத்தகமெல்லாம் உன்ட வாப்பா அச்சடிச்சதோ?"

"வாப்பாவ இழுக்காதீங்க."

"அதில பேர் ஒண்டும் இல்ல" என்றாள் யூஜீனியா. அது ஒரு வகையில் உண்மைதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கலண்டர் தாள்தான் இருந்தது.

லெய்லா கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"சரி. கதை கேக்கிற எல்லாரும் கேளுங்க. ஒன்பதாம் வாசல்ல கோடன் மவுத்தாப் போறான். உப்பரசி எறிஞ்ச ஈட்டி நெஞ்சில பட்டு, மின்னாள்ட மடியில சாகிறான். அவள் தன்ட நிழலையும் குடுத்து மத்தாக்கள்ட நிழல மீட்கிறாள். சனமெல்லாம் திரும்பித் தங்கட ஊருக்குப் போகுது. ஒவ்வொருத்தர்ட ஊட்டுக் கதவும் திறந்தபடி. விளக்கு எரிஞ்சபடி. வச்ச சாமான் வச்ச இடத்தில. அவ்வளவுதான் கதை. இனி இவட வாயப் பாத்துக்கொண்டு நிக்கத் தேவையில்ல."

கையுறையைத் திரும்பவும் மாட்டிக்கொண்டு இறாலை எடுத்தாள்.

யூஜீனியா அப்போது ஏழாம் பாகத்தில்தான் நின்றாள். எட்டையும் ஒன்பதையும் அவள் வேண்டுமென்றே தொடாமல் வைத்திருந்தாள். கோடனை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அவனுடைய முன்கோபமும், யாரும் பார்க்காதபோது அவன் குதிரையோடு பேசும் பேச்சும். இப்போது ஒரே மூச்சில் அவனைக் கொன்றுவிட்டாள் ஒருத்தி. யூஜீனியா கையிலிருந்த இறால்களைத் தொட்டிக்குள் எறிந்துவிட்டு வெளியே போனாள். கக்கூசுக்குப் பின்னால் நின்று அழுதாள்.

மறுநாள் அவள் வாயைத் திறந்தபோது ஜூலியானா கையை அசைத்தாள். "முடிவு தெரிஞ்சிட்டுதே புள்ள. இனி என்னத்துக்கு? வேற ஏதும் இருந்தாச் சொல்லு."

அந்தக் கிழமை யூஜீனியா புத்தகத்தைத் தொடவில்லை. சோறும் இறங்கவில்லை. அல்பொன்சாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. "முந்தி சிரிச்சா. இப்ப சாப்பிடுறாவும் இல்ல" என்று புறுபுறுத்தாள்.

ஒன்பதாம் நாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்து யூஜீனியா ஏழாம் பாகத்தைக் கோபத்தோடு திறந்தாள். சாகிறவனைச் சாகும்வரையாவது பார்ப்போம் என்றுதான் திறந்தாள். பத்துப் பக்கத்தில் கோபத்தை மறந்துவிட்டாள். கோடன் சாகப்போகிறான் என்று தெரிந்ததால் அவன் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் கனமாக விழுந்தது. அவன் ஆப்பிள் ஒன்றைக் கத்தியால் வெட்டிக் குதிரைக்குக் கொடுப்பதைக்கூட அவளால் தாங்க முடியவில்லை. எட்டாம் பாகத்தைப் பஸ்ஸில் வாசித்தாள், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனாள், வெயிலில் திரும்பி நடந்து வந்து அரை நாள் கூலியை இழந்தாள். அதற்காகக் கவலைப்படவில்லை. எட்டாம் பாகத்தின் கடைசியில் அண்டரண்டப் பட்சியின் முதுகில் ஏறி இருவரும் உப்புக் கடலைக் கடந்தபோது, அவள் இருந்த பாயிலிருந்து எழும்பி நின்றே வாசித்தாள்.

பிறகு ஒன்பதாம் பாகம். அறுபத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு நீல ரிபன் துண்டு செருகியிருந்தது. அதுவரை பென்சில் கோடுகள் இருந்தன, மற்றப் பாகங்களைவிட அதிகமாகவே. ரிபனுக்குப் பிறகு ஒரு கோடும் இல்லை. யூஜீனியா முதலில் அதைக் கவனிக்கவில்லை. நூறு பக்கம் தாண்டியபோதுதான், மின்னாள் தன் தாயின் நிழலை அடையாளம் காணும் இடத்தில், 'இதுக்குக் கோடு இழுக்காமல் எப்படி விட்டாள்?' என்று நினைத்தாள். பின்னால் புரட்டிப் பார்த்தாள். பக்கங்கள் கடைசிவரை கோடில்லாமல், மடிப்புக் கூட விழாமல் இருந்தன.

அவள் விடாமல் வாசித்து முடித்தாள். கோடன் சாகவில்லை. ஈட்டியே இல்லை. மின்னாள் நிழலைக் கொடுக்கவுமில்லை. உப்பரசியின் கிடங்கைத் திறந்துவிட்டாள். நிழல்கள் வெளியே வந்தன, ஆனால் சொந்தக்காரரைத் தேடிப் போகவில்லை, கண்ட கண்ட கால்களில் ஒட்டிக்கொண்டன. சனம் யாருடையதென்று தெரியாத நிழல்களோடு கடலின் மறுகரையில் குடிசை போட்டது. பழைய ஊரின் கதவுகள் திறந்துதான் கிடந்தன. யாரும் திரும்பிப் போகவில்லை. கோடன் கிழவனாகி, எல்லாரிடமும் எரிந்து விழுந்துகொண்டு, ஒன்பதாம் வாசலில் காவல் இருந்தான்.

யூஜீனியா புத்தகத்தை மூடினாள். அவன் உயிரோடு இருந்தான். அவளுக்கு முதலில் வந்தது சந்தோசம். அடுத்ததாக, அவனைப் பொய்யாகக் கொன்றவள் மேல் வெறி.

அடுத்து வந்த திங்கட்கிழமை காலையில் மேசைக்கு வந்ததும் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தத் தேவையிருக்கவில்லை.

"எல்லாரும் கேளுங்க. இவ சொன்ன முடிவு பொய். கோடன் சாகேல்ல. ஒருத்தரும் ஊருக்குத் திரும்பேல்ல. எல்லாம் இவ இட்டுக் கட்டினது. இவ ஒன்பதாம் பாகம் வாசிக்கவே இல்ல. அறுபத்தி மூண்டாம் பக்கத்தோட நிண்டிட்டா."

லெய்லாவின் கை நின்றது. அவள் முகம் வெளுத்ததை இரண்டு மேசைப் பெண்களும் பார்த்தார்கள். யூஜீனியா அந்த வெளுப்பை ரசித்தாள். அவள் கோடனைக் கொன்ற நாளிலிருந்து அதற்காகத்தான் காத்திருந்தாள்.

"அறுபத்தி மூணு" என்றாள் லெய்லா மெதுவாக. "நீல ரிபன்."

அப்போதுதான் யூஜீனியாவுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது விளங்கியது.

"அப்ப புத்தகம் உன்னட்டதான் இருக்கு" என்றாள் லெய்லா. 'நீங்க' போய்விட்டிருந்தது. "ஊர விட்டுப் போகச் சொல்லி அண்டைக்குப் பின்னேரம் அறிவிச்சாங்க. நான் அந்தப் பக்கத்தில ரிபன வச்சிட்டு, உம்மாவுக்கு மருந்து எடுக்கப் போன. அதுக்குப் பிறகு வாசிக்க நேரம் இருக்கல்ல. ஆளுக்கு ஒரு பேக். புள்ளட உடுப்ப வச்சேன். புத்தகத்தத் தலகணிக்குப் பக்கத்தில விட்டிட்டு வந்த. நாலு வருசமா, முகாமில, அது எப்படி முடியுமெண்டு நான்தான் யோசிச்சு யோசிச்சு முடிச்சு வச்சிருந்த."



ஜூலியானா யூஜீனியாவைத் திரும்பிப் பார்த்தாள். "பேர் இல்லையெண்டு சொன்னாய்."

"கடதாசிக் கடையில வாங்கினது. அண்ணன் காசு குடுத்துத்தான் வாங்கினவர்."

"அதக் கேக்கேல்ல. பேர் இருந்ததா இல்லையா?"

"இருந்தது."

"என்ட வாயால உனக்காகக் கதைக்க வச்சாய்" என்றாள் ஜூலியானா. "அவட வாப்பாவரைக்கும் போய்க் கதைச்சிட்டன். என்னக் கேவலப்படுத்திப் போட்டாய்." அவள் தன் கூடையைத் தூக்கிக்கொண்டு மேசையின் மறுமுனைக்குப் போனாள். மற்றப் பக்கத்தில் நின்றவளும் நகர, யூஜீனியாவின் இரண்டு பக்கமும் வெறுமையாயின. லெய்லாவின் மேல் மேசைப் பெண்களுக்கு அன்பு ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனால் அன்றிலிருந்து யூஜீனியாவோடும் யாரும் கதைக்கவில்லை.

வீட்டில் இன்னாசிப்பிள்ளை, "வாங்கின சாமான எதுக்குத் திருப்பிக் குடுக்கிறது? நாங்க களவெடுக்கேல்லயே" என்றார். அல்பொன்சாதான் குசினியிலிருந்து வந்தாள். "கொண்டு போய்க் குடு. இல்லாட்டி நான் அடுப்பில வைப்பன். ஊரான் சாபம் இந்த வீட்டுக்கு வேண்டாம்."

"அடுப்பில வச்சா உங்கட கைய முறிப்பன்" என்றாள் யூஜீனியா. அண்ணியிடம் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பாகங்களையும் உரப்பையில் கட்டித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

பாலாவிக்கு முன்னால் எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்கள். சென்றியில் காவல் நின்ற ஆமிக்காரன் உரப்பையைத் தரையில் கொட்டினான்.

"மே மொகத?" என்றான், இது என்ன என்று.

"கதா பொத், மாத்தயா" என்றாள். கதைப் புத்தகம் என்று சொல்லும் அளவுக்கு அவளுக்குச் சிங்களம் தெரியும்.

அவன் முதல் பாகத்தை விரித்தான். உள்ளே மடித்து வைத்த வரைபடம் விழுந்தது: கடல், கரை, கோட்டைகள், ஒன்பது வாசல்கள், வாசலிலிருந்து வாசலுக்கு அம்புக்குறிகள். எல்லாம் தமிழ் எழுத்தில். அவன் முகம் மாறியது. இன்னொருவனைக் கூப்பிட்டான். பஸ் போய்விட்டது. யூஜீனியாவை ஒரு மரக் கதிரையில் இருத்தி, இது எந்தக் கடற்கரை, இந்த அம்புக்குறி எங்கே போகிறது, யார் கொடுத்தது என்று ஒன்றரை மணித்தியாலம் கேட்டார்கள். இப்படியொரு நாடே இல்லை என்பதை அரைகுறைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவன் வந்து நாலு பக்கம் புரட்டிவிட்டுச் சிரித்தான். விட்டார்கள். வரைபடத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

தில்லையடிப் பக்கத்து முகாமில் தென்னங்கிடுகுக் கொட்டில்கள் வரிசையாக நின்றன. லெய்லா கொட்டில் வாசலில் உடுப்பு அலசிக்கொண்டிருந்தாள். யூஜீனியா உரப்பையை இறக்கி வைத்தாள். தோள் விண்ணென்று வலித்தது.

லெய்லா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். முதல் பக்கத்தில் ஒட்டியிருந்த கலண்டர் தாளை நகத்தால் சுரண்டினாள். தாளோடு பச்சை மையும் உரிந்து வந்தது. 'லெய்லா' என்பதில் 'லா' மட்டும் மிஞ்சியது.

"மாப் பசை" என்றாள். "கரப்பான் அரிக்குமெண்டு தெரியாதா உனக்கு?"

யூஜீனியா உரப்பையை மடிக்கத் தொடங்கினாள்.

"மெப் எங்க? கடல், வாசலெல்லாம் கீறின மெப்?"

"சென்றியில எடுத்துப் போட்டாங்க."

"எடுத்துப் போட்டாங்க." லெய்லா அதைத் திருப்பிச் சொன்னாள். "எங்கட ஊடும் அப்படித்தான். ஒருத்தரும் எடுக்கல்ல. எடுபட்டுப் போச்சு. நீயும் எடுக்கல்ல. அண்ணன் வாங்கினார். எல்லாரும் நல்லாக்கள்."

கொட்டிலுக்குள்ளிருந்து வயதான குரலொன்று, "ஆரு புள்ள வந்திருக்கிற?" என்று கேட்டது.

"ஒருத்தரும் இல்ல உம்மா" என்றாள் லெய்லா.

அவள் இரு என்று சொல்லவில்லை. ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. யூஜீனியா திரும்பினாள். இரண்டு அடி வைத்துவிட்டு நின்றாள். "உங்களுக்கு முடிவச் சொல்லிப் போட்டன். எல்லார் முன்னாலயும். அது..."

"கொஞ்சம்தான் சொன்னாய். மிச்சத்தச் சொன்னா நாக்க அறுப்பன். போ."

அந்தக் கிழமை சாப்பாட்டு நேரங்களில் லெய்லா ஐஸ் அறைச் சுவரில் சாய்ந்து ஒன்பதாம் பாகத்தை வாசித்தாள். ஒரு கையில் சோற்றுப் பார்சல், முழங்காலில் புத்தகம். கதை சொல்லச் சொல்லி அவளுடைய மேசைப் பெண்கள் கேட்டபோது, "நான் வாசிச்சு முடியும்வரைக்கும் ஒருத்தரும் கிட்ட வராதீங்க" என்றாள். யூஜீனியா தனியாக உட்கார்ந்து தன் பாணைத் தின்றுகொண்டு அவளைப் பார்த்தாள். எந்தப் பக்கம் எங்கே வரும் என்று அவளுக்குத் தெரியும். லெய்லா வாசிக்கும் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டாள். செவ்வாய்க்கிழமை, தாயின் நிழல் வரும் இடம். லெய்லா கையிலிருந்த சோற்றை வைத்துவிட்டு, மடியைத் துழாவி ஒரு பென்சில் துண்டை எடுத்தாள். யூஜீனியா பாணைத் தின்பதை நிறுத்தினாள்.

வெள்ளிக்கிழமை லெய்லா கடைசிப் பக்கத்தை முடித்தாள். பிறகு எழும்பி, இரண்டு மேசைக்கும் நடுவில் கிடந்த ஈரத் தரையைக் கடந்து, நேராக யூஜீனியாவிடம் வந்தாள். பெண்கள் சண்டை வரப்போகிறது என்று திரும்பினார்கள்.

"இது என்ன முடிவு?"

"அதுதான் முடிவு."

"கதவு திறந்துதானே கிடந்தது. ஏன் ஒருத்தரும் போகல்ல?"

"போய் என்ன செய்ற? வேற ஆள்ட நிழலோட பழைய வீட்டில இருக்கேலுமா?"

"ஆர்ட நிழலா இருந்தா என்ன? அவங்கட ஊடு. போயிருக்கணும். என்ட முடிவுதான் சரி."

"உங்கட முடிவில கோடன் செத்துப் போறான்."

"அவன் செத்தா என்ன? இப்ப மட்டும் என்ன வாழ்க்கை? கிழவனா, வாசல்ல குந்திக்கொண்டு, வாறவன் போறவனையெல்லாம் ஏசிக்கொண்டு."

"அவன் இருக்கிறான்" என்றாள் யூஜீனியா. "நீங்க அவனச் சாகடிச்ச அண்டையில இருந்து நான் ஒரு கிழமை சரியாச் சாப்பிடேல்ல."

லெய்லா அவளை உற்றுப் பார்த்தாள். "உண்மையாவா?"

"ஓம்."

"நல்லது" என்றாள் லெய்லா. முழு மனதோடுதான் சொன்னாள்.

மணி அடித்தது. போகும்போது திரும்பிப் பாராமல், "எழுதினவனுக்கு ஊடு பறிபோயிருக்காது. போயிருந்தா இப்படி எழுதியிருக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

யூஜீனியாவுக்குப் பதில் மறுநாள் காலை பஸ்ஸில்தான் கிடைத்தது. இறங்கியதும் கையுறைகூடப் போடாமல் ஐஸ் அறைப் பக்கத்து மேசைக்குப் போனாள்.

"பறிபோனபடியாத்தான் அப்படி எழுதினவன். பறிபோகாதவன் எண்டா எல்லாரையும் திருப்பி அனுப்பியிருப்பான். அவனுக்கு அது லேசு."

லெய்லா கையிலிருந்த இறாலை முழுதாக உரித்து முடித்தாள்.

"அத நீ சொல்லாத" என்றாள். "ஆர் சொன்னாலும் நீ சொல்லாத."

யூஜீனியா தன் மேசைக்குத் திரும்பினாள். காலை முழுக்கத் தலை நிமிரவில்லை. சொன்ன சொல் சரியென்றும் அதைத் தான் சொன்னது பிழையென்றும் இரண்டும் சேர்ந்து மனதுக்குள் கிடந்து அரித்தன.

மத்தியானம் ஒரு நிழல் பாண் துண்டின் மேல் விழுந்தது. லெய்லா எட்டாம் பாகத்தோடு நின்றாள். உட்காரவில்லை. நூற்றுத் தொண்ணூறாம் பக்கத்தைத் திறந்து யூஜீனியாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மின்னாள் சத்தியம் பண்றாள், சனத்த ஊருக்குக் கூட்டிப் போவேன் எண்டு. கீழ கோடு போட்டிருக்கிறன், பார். இத வாசிச்சிட்டுச் சொல்லு, அவன் எழுதினது பிழையா சரியா எண்டு."

யூஜீனியா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள்.

"சத்தமா வாசி" என்றாள் லெய்லா. "பிழையா வாசிச்சா பறிச்சுப் போடுவன்."